வெள்ளியும் மண்ணும்

அடி அண்ணாமலையில் ஏரி வற்றும் காலம் பந்தாட்டத்துக்கு நல்ல காலம். கிரிவலம் வருகிறவர்கள் ஆதி அருணாசலேசுவரரைத் தொழுது, மாணிக்கவாசகர் சந்நிதியிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைத் தொடரும் அந்தச் சாலைக்குச் சற்று அப்பால், பங்குனி வெயிலில் வெடித்துப் பிளந்து, பிறகு பையன்களின் வெறும் பாதங்களாலேயே மிதிபட்டுச் சமனான ஏரித் தரையில், இரு பக்கமும் சவுக்குக் கழிகளை நட்டு, கோடை முழுவதும் மாலைதோறும் ஆட்டம் நடக்கும். மேற்கே சூரியன் விழுந்த பிறகும், கிழக்கே மலையின் உச்சியில் கடைசிச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பந்து நிற்பதில்லை.

சென்ற ஆண்டு அந்தக் கோஷ்டி கலைந்துபோயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. ஒருவன் ஓசூருக்கும், ஒருவன் திருப்பூருக்கும், இருவர் சென்னைக்குமாக வேலை தேடிப் போய்விட, எஞ்சியவர்களை எண்ணிப் பார்த்தால் பதினொன்று தேறவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் அவர்களில் இரண்டு பேர், ஒரு மஞ்சள் பையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஊரில் நாலு புஸ்தகம் படித்தவன் என்று பெயரெடுத்துவிட்ட ஒரே குற்றத்துக்காக என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"சார், டீமு கலைஞ்சி போச்சி. ஜெர்சிக்குன்னு சேத்த காசு எழுநூத்திச் சொச்சம் கீது. ஆளுக்குப் பிரிச்சிக்கலாம்னு இவன் சொல்றான், வோணாம்னு நான் சொல்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. கலைந்துபோன ஒரு பந்தாட்டக் கழகத்தின் மிச்சப் பணத்தை என்ன செய்வது என்ற இதே கேள்வி, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால், ஹூக்ளி நதிக்கரைக் கல்கத்தாவில், இவர்களைவிடப் பல மடங்கு செல்வாக்குப் படைத்த மனிதர்கள் முன்னால் எழுந்து, அதற்கு அவர்கள் சொன்ன விடை இன்றும் லண்டன் மாநகரத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதே கல்கத்தாவில், அதற்குப் பத்தாண்டு கூடச் செல்வதற்குள், இன்னொரு கழகம் வேறொரு காரணத்துக்காகக் கலைந்தது. அதன் விடையை வைக்க எந்தப் பேழையும் இல்லை. இரண்டும் விக்டோரியா மகாராணியின் காலத்தவை. இரண்டும் பின்னால் வந்தவர்களால் அடித்துக் கலைக்கப்பட்டவையல்ல, தாமே தம் வாழ்வை முடித்துக்கொண்டவை. அந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறிஸ்துமஸ் நாள் ஆட்டம்

கல்கத்தாவின் மைதானம் பந்தாடுவதற்காக உண்டானதன்று. 1757இல் பிளாசிப் போருக்குப் பின், கம்பெனியார் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, கோட்டைப் பீரங்கிகளின் குறிக்கு ஒரு மரமும் ஒரு வீடும் குறுக்கே நிற்கலாகாது என்று சுற்றிலும் காட்டையும் குடியிருப்பையும் அகற்றிய வெட்டவெளி அது. எதிரி யாரும் வரவில்லை. பீரங்கிகளுக்கும் வேலை இருக்கவில்லை. ஆகவே அந்தப் பச்சை வெளியில் குதிரைகள் ஓடின, பட்டாளம் அணிவகுத்தது, சீமையிலிருந்து வந்த வாலிபர்கள் தங்கள் பள்ளிக்கூட நாட்களின் விளையாட்டுகளை நினைவுகூர்ந்து ஆடினார்கள்.

1872ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தன்று அங்கே ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றுமாகச் சேர்ந்து 20 பேர். நாற்பது பேரும் வீடு வாசலை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து பண்டிகை கொண்டாடியவர்கள் என்பதை எண்ணினால், அந்த உத்ஸாகத்தின் அடியில் கொஞ்சம் ஊர் ஏக்கமும் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆட்டம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டபடியால், ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆடினார்கள்; அந்தச் சூடு ஆறுவதற்குள், 1873 ஜனவரியில், 'கல்கத்தா புட்பால் கிளப்' பிறந்தது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். புட்பால் என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் உருண்டைப் பந்து அன்று அந்த மைதானத்தில் உருளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் பெரிய பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதி வைத்துப் பந்தாடின. ரக்பி என்னும் ஊரின் பள்ளியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஈட்டன், ஹாரோ முதலிய பள்ளிகளில் காலால் உருட்டிச் செல்வதே பிரதானம். ஒரு பள்ளியில் படித்தவனும் மற்றொரு பள்ளியில் படித்தவனும் ஒரே களத்தில் இறங்கினால் ஆட்டத்தைவிட வாக்குவாதமே அதிகமாக நடக்கும் நிலைமை. இதைத் தீர்க்கவே 1863இல் லண்டனில் கூடிக் காலால் ஆடுவோர் ஒரு சங்கம் கண்டார்கள். கையால் எடுத்து ஓடுவோர் 1871இல் தனியே 'ரக்பி யூனியன்' கண்டார்கள். இரு கிளையாரும் தங்கள் ஆட்டத்தைப் புட்பால் என்றே அழைத்தார்கள். கல்கத்தாக் கழகத்தார் ரக்பி கிளையைச் சேர்ந்தவர்கள். 1874இல் அவர்கள் அந்த யூனியனில் முறைப்படி அங்கத்தினராகச் சேர்ந்தனர்.

முதல் ஆண்டு கழகம் செழித்தது. அதன் செழிப்புக்கு ஆட்டத்தின் இனிமை ஒரு காரணம் என்றால், அங்கத்தினர்களுக்குக் கழகச் செலவிலேயே வழங்கப்பட்ட மதுவகைகள் மற்றொரு காரணம். எந்தத் தர்மச் சத்திரமும் நெடுநாள் நடக்காது அல்லவா? இலவச மதுவை நிறுத்த நேர்ந்ததும் அங்கத்தினர் தொகை மளமளவென்று சரிந்தது. பட்டாளங்கள் ஓரூரில் வேரூன்றுபவையல்ல. அவை இடம்பெயர்ந்தபோது நல்ல ஆட்டக்காரர்களும் உடன் போனார்கள். மிஞ்சியவர்களையும் வங்காளத்துப் புழுக்கம் விட்டுவைக்கவில்லை. வியர்த்துக் கொட்டும் உடம்போடு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டத்தைக் காட்டிலும், குதிரைமேல் அமர்ந்து ஆடும் போலோவும், வெள்ளை உடுப்புக் கசங்காமல் ஆடும் டென்னிஸும் அந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவை என்று கனவான்கள் கண்டுகொண்டார்கள்.

ஐந்தாவது ஆண்டில் ஆட ஆள் இல்லை. ஆனால் வங்கியில் பணம் இருந்தது.

இரண்டேகால் வீசை

அப்போது கழகத்தின் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதாரர் என்ற மூன்று பதவிகளையும் ஒருவரே சுமந்துகொண்டிருந்தார். அவர் பெயர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி. வியாபார நிமித்தம் கல்கத்தாவில் வாழ்ந்த இவர், ஓய்வு நேரங்களில் வங்காளத்து எறும்புகளையும் குளவிகளையும் சேகரித்து ஆராய்ந்தவர். பூச்சியியல் நூல்களில் இவர் பெயரைத் தாங்கிய இனங்கள் இன்றும் உண்டு. ஓர் எறும்பின் ஆறு கால்களையும் பொறுமையாக நோக்கக்கூடிய மனிதருக்கு, தாம் வளர்த்த கழகம் சுவடில்லாமல் மறைவதைப் பொறுக்க முடியவில்லை போலும். 1877 டிசம்பர் 20ஆம் தேதி அவர் லண்டன் யூனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையிருப்பை ஒரு கோப்பையாக்கி அளித்தால், ஆட்டத்துக்கும் நிலையான நன்மை, மறைந்த கழகத்துக்கும் ஒரு ஞாபகச் சின்னம் என்பது அதன் சாராம்சம்.

அந்த யோசனை ஏற்கப்பட்டது. வங்கியிலிருந்த பணம் வெள்ளி ரூபாய்களாக எடுக்கப்பட்டு உருக்கப்பட்டது. அவை 270 ரூபாய்கள் என்று சொல்லப்படுகிறது.

நம் வீடுகளில் பாட்டிமார் சுருக்குப் பையிலும் அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் காத்து வைத்திருந்த ராணி தலை ரூபாயைக் கண்டவர்களுக்கு அந்த வெள்ளியின் கனம் தெரியும். ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை என்ற நம் பழைய சென்னை ராஜதானிக் கணக்கில், 270 ரூபாய் சரியாக இரண்டேகால் வீசை. இன்றைய அளவில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அந்த வெள்ளியை இந்தியப் பொற்கொல்லர்கள் மூசையிலிட்டு உருக்கி, தகடு தட்டி, சித்திர வேலை செய்து, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாத்திரமாக்கினார்கள். மூன்று ராஜ நாகங்கள் வளைந்து அதன் பிடிகளாயின. மூடியின் சிகரத்தில் அம்பாரி கட்டிய யானை ஒன்று நிற்கிறது; அது வைசிராயின் யானைகளைப் பார்த்துச் செய்தது என்று ஐதிகம். ஆட்டம் இங்கிலாந்தினுடையது, கொடை கல்கத்தாக் கனவான்களுடையது. ஆனால் அந்தக் கோப்பையை நோக்குகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெயர் தெரியாத நம் நாட்டுத் தட்டானின் கைத்திறம்தான்.

அந்த 1877ஆம் வருஷத்தைத் தென்னாட்டார் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் பெயரிட்ட பெரும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை உலுக்கியது. எங்கள் ஆற்காட்டுப் பகுதியும் அதில் தப்பவில்லை. நிவாரண வேலையில் கல்லுடைத்தும் மண் சுமந்தும் பிழைத்த ஓர் ஆண்மகனுக்கு, இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கணக்குப்படி, ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அக்காலத்தில், கழுத்திலும் காலிலும் கிடந்த காப்பையும் தண்டையையும் குடியானவர்கள் விற்க, அந்த வெள்ளி வியாபாரிகளின் கைமாறி பம்பாய் நாணயச்சாலை உலைக்குப் போய் ரூபாயாக வெளிவந்தது. ஓரிடத்தில் தண்டை உருகி ரூபாயாயிற்று. மற்றோரிடத்தில் ரூபாய் உருகிக் கோப்பையாயிற்று. கல்கத்தாக் கழகத்தார் இதற்குப் பொறுப்பாளிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய பணம் அவர்களுடையது. ஆனால் 270 ரூபாய் என்பது 4,320 அணா என்ற பெருக்கலை, அந்த வருஷத்தை அறிந்த ஒரு தமிழன் மனத்துக்குள் போட்டுப் பார்க்காமல் இருப்பது கடினம்.

கோப்பையின் கதி

கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பந்தயத்துக்கு இக்கோப்பை பரிசாக வேண்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் விருப்பம். யூனியன் அதை அப்படியே ஏற்காமல், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுக்கொரு முறை மோதும் ஆட்டத்தின் பரிசாக ஆக்கிவிட்டது. 1879 மார்ச் 10ஆம் தேதி எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் என்ற களத்தில் இதற்கான முதல் ஆட்டம் நடந்து, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. இரண்டு உலக யுத்தங்களின்போதும் வேறு சில ஆண்டுகளிலும் நின்றது நீங்கலாக, அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை நடக்கிறது. பனிபொழியும் அந்தத் தேசங்களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் 'கல்கத்தா' என்று உச்சரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியுமோ, அந்த யானைக்கே வெளிச்சம்.

வெள்ளி நீடித்து நிற்கும் பொருள் என்று நம்பித்தானே அதில் ஞாபகத்தை வார்க்கிறோம்? அதன் கதியையும் கேளுங்கள். 1988இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, அன்று பகலில் எதிரெதிராக நின்று மோதிய டீன் ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும் ஜான் ஜெஃப்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரரும், மதுவின் தோழமையில் ஒன்றுபட்டு, இக்கோப்பையைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பந்தாக்கி உதைத்து விளையாடிவிட்டார்கள். கோப்பை நசுங்கியது. ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை. ரிச்சர்ட்ஸுக்கு ஓர் ஆட்டத் தடை. இலவச மது நின்றதால் மெலிந்த ஒரு கழகத்தின் நினைவுச் சின்னம், நூறாண்டு கழித்து மதுவாலேயே நசுங்கிய இந்த வேடிக்கையை எந்தக் கதாசிரியனும் துணிந்து கற்பித்திருக்க மாட்டான். பழுது பார்க்கப்பட்ட அந்தக் கோப்பை, இனிக் கைபட்டால் தாங்காது என்ற நிலையில் லண்டனின் டுவிக்கன்ஹாம் காட்சிச்சாலையில் இருக்கிறது; வெற்றி பெற்றவர்கள் தூக்கிக் காட்டுவதற்கு அதன் பிரதி ஒன்று உண்டு.

வண்டியிலிருந்து இறங்கிய சிறுவன்

ராத்னி தம் கடிதத்தை எழுதுவதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன், 1877 செப்டம்பரில், அதே மைதானத்தின் ஓரமாக ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. கங்கா ஸ்நானத்துக்குப் புறப்பட்ட தாயாருடன் அதில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பிரசித்தி பெற்ற வைத்தியர் சூரியகுமார சர்வாதிகாரியின் மகன். பெயர் நாகேந்திர பிரசாத். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்தாடுவதைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றான். பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுக்கப் போனவனை, உதைத்து அனுப்பு என்று ஒரு சிப்பாய் சைகை காட்ட, சிறுவன் உதைத்தான். இந்தியன் ஒருவன் கால்பந்தைத் தொட்ட முதல் சம்பவம் இதுவே என்று வங்காளத்தில் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். முதல் உதை இதுதானா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ஒரு கழகம் உயிரை விட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே புல்வெளியில், பந்தாட்டம் வேறொரு காலுக்குத் தாவிவிட்டது என்பதே கவனிக்கத் தக்கது.

மறுநாள் ஹேர் பள்ளிக்கூடத்தில் நாகேந்திரன் தோழர்களைத் திரட்டினான், காசு வசூலித்தார்கள், ஐரோப்பியர் கடை ஒன்றுக்குப் போய்ப் பந்து கேட்டார்கள். கிடைத்தது ரக்பிப் பந்து. முட்டை வடிவில் இருந்த அதை உருண்டைப் பந்தென்றே பாவித்து, எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாத அந்தப் பண்டத்தைப் பையன்கள் பள்ளி வெளியில் விரட்டி விரட்டி உதைத்துக்கொண்டிருந்த காட்சியை, அடுத்திருந்த பிரஸிடென்ஸி கல்லூரியின் ஆசிரியர் ஜி. ஏ. ஸ்டாக் கண்டார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ இறங்கி வந்து, இரண்டு ஆட்டங்களின் வித்தியாசத்தையும் எடுத்துரைத்து, சரியான பந்து ஒன்றும் வாங்கிக் கொடுத்து, ஆடும் முறையைக் கற்பித்தார். பந்து வாங்கியவர்கள் தவறிச் செய்த பிழையும், ஓர் ஆசிரியர் தம் வேலையல்லாத வேலையைச் செய்த நல்ல குணமும் சேர்ந்து, வங்காளத்தில் காலால் ஆடும் பந்தாட்டத்துக்கு வித்திட்டன.

நாகேந்திரன் கழகங்களை உண்டாக்குவதில் அலுப்பறியாதவன். 'பாய்ஸ் கிளப்' என்றும், 'பிரெண்ட்ஸ் கிளப்' என்றும், 'பிரஸிடென்ஸி கிளப்' என்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுவித்தான். அவற்றுள் 1880களின் நடுவில் எழுந்த 'வெல்லிங்டன் கிளப்' பெரியது. நல்ல குடும்பத்து வாலிபர்கள், பணம், பெயர், மைதானத்தில் இடம் எல்லாம் அதற்கு அமைந்தன. வளர்ந்து வாலிபனாகிவிட்ட நாகேந்திரர் அதன் உயிர்நாடி.

குயவர் மகன்

அந்தக் கழகத்தில் சேர ஒருவர் வந்தார். பெயர் மணி தாஸ். குயவர் மகன்.

திருவண்ணாமலையில் வாழ்கிறவர்களுக்குக் குயவர் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் பெருஞ்சோதி எழும் அதே நொடியில், ஊர் முழுவதும் வாசல்தோறும் வரிசை வரிசையாக எரிகிற அகல்கள் அத்தனையும் அவர்கள் கைவிரலில் சுழன்று பிறந்தவை. மலைமேல் ஏற்றும் கொப்பரை ஒன்று. கீழே எரியும் மண்விளக்குகளோ எண்ணில் அடங்கா. கல்கத்தாவிலும் அப்படித்தான், குமார்துலி என்னும் குயவர் பேட்டையில் ஹூக்ளி வண்டலைப் பிசைந்து அவர்கள் வனைந்த துர்க்கையின் திருமுன்தான் நகரத்தின் பிரபுக்கள் ஆண்டுதோறும் விழுந்து வணங்கினார்கள். வணங்கிய கைகளே இப்போது மறுத்தன. குயவன் பிள்ளை வனைந்த தேவியைத் தொழலாம். குயவன் பிள்ளையோடு ஒரே பந்தை உதைக்கலாகாது என்பது வெல்லிங்டன் கழகத்து அங்கத்தினர் பலரின் அபிப்பிராயம்.

நாகேந்திரர் இணங்கிப் போயிருக்கலாம். ஒரு மனிதனுக்காக இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தைக் குலைப்பதா, காலம் கனியட்டும், மெள்ள மெள்ளச் சொல்லிப் பார்ப்போம் என்று நம் பெரியோர்கள் இத்தகைய சந்தர்ப்பங்களில் உதிர்க்கும் நியாயங்கள் எல்லாம் அவருக்கும் கிடைத்திருக்கும். அவர் செய்தது வேறு. மணி தாஸுக்கு இடமில்லாத கழகத்தில் தமக்கும் இடமில்லை என்று மட்டும் சொல்லி விலகவில்லை, கழகத்தையே கலைத்துவிட்டார்.

இதை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். விலகுவது எளிது, விலகியவர் போனபின் கதவு முன்போலவே மூடிக்கொள்ளும். கட்டியவனே கட்டியதை இடிப்பதற்கு மிகுந்த மனத்திடம் வேண்டும். இந்நாட்டில் தீண்டாமையை எதிர்த்த பெரும் இயக்கங்கள் எழுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, இருபது வயதும் நிரம்பாத ஒரு வாலிபர், சாஸ்திர வாதமோ மேடைப் பிரசங்கமோ இல்லாமல், ஒரு பந்தாட்டக் கழகத்தின் அங்கத்தினர் பட்டியலை முன்வைத்து இந்தக் காரியத்தைச் செய்துமுடித்தார்.

1887இல் அவர் புதியதொரு கழகம் கண்டார். தமக்குப் பெண் கொடுத்த சோவாபஜார் ராஜ குடும்பத்தின் ஆதரவு இருந்ததால் 'சோவாபஜார் கிளப்' என்று அதற்குப் பெயர். அதன் பதிவேட்டில் முதல் அங்கத்தினராக எழுதப்பட்ட பெயர் மணி தாஸ். ராஜகுமாரர்களின் பெயர்கள் அதற்குக் கீழேதான் வந்தன. அந்த ராஜ மாளிகையிலிருந்து குயவர்களின் குமார்துலிக்கு நடந்தே போய்விடலாம் என்பது அந்நகரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சில நிமிஷ நடையைக் கடக்க ஒரு பெரிய கழகத்தின் உயிர் விலையாக வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கல்கத்தாவில் 1889 முதல் நடந்துவந்த டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில், 1892ஆம் ஆண்டு, சோவாபஜார் குழு ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டு என்னும் பட்டாளத்துக் குழுவை 2–1 என்ற கணக்கில் வென்றது. போட்டிப் பந்தயம் ஒன்றில் ஐரோப்பியக் குழுவை இந்தியக் குழு தோற்கடித்த முதல் நிகழ்ச்சியாகப் பந்தாட்டச் சரித்திரம் எழுதுவோர் இதையே குறிப்பிடுகிறார்கள். மறு ஆண்டு இந்தியப் பந்தாட்டச் சங்கம் கல்கத்தாவில் தோன்றி அதன் கேடயப் பந்தயம் தொடங்கியபோது, அதில் கலந்துகொண்ட ஒரே இந்தியக் குழு சோவாபஜார். 1911 ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான் குழு, பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை அதே 2–1 என்ற கணக்கில் வென்று அந்தக் கேடயத்தைக் கைப்பற்றியதைத் தேசமே கொண்டாடிற்று. அந்தப் புகழில் சோவாபஜார் மங்கியது. வெல்லிங்டன் கழகத்தின் பெயரோ ஏறக்குறைய மறந்தே போயிற்று. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி 1940இல் காலமானார்.

கல்கத்தா புட்பால் கிளப் தன் பெயர் மறையக் கூடாது என்று விரும்பியது, மறையவில்லை. அந்தப் பெயரிலேயே பிற்காலத்தில் வேறொரு கழகமும் எழுந்தது, கோப்பையும் நிலைத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையிருப்பை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளாமல் பொதுவுக்கு அளித்த அந்தக் கண்ணியம் போற்றத் தக்கதே. வெல்லிங்டன் கழகம் ஒரு பொருளையும் விட்டுச் செல்லவில்லை. அது விட்டுச் சென்றது, அடுத்த கழகத்தின் பதிவேட்டில் முதல் வரியில் ஒரு குயவர் மகனின் பெயர். முன்னது இறந்தபின் வெள்ளியாயிற்று. அந்த வெள்ளி இப்போது தொடப் பயப்படும்படி நலிந்துவிட்டது. பின்னது அகல் விளக்கைப் போலத் தன் சுடரை அடுத்த திரிக்குக் கொடுத்துவிட்டு மண்ணோடு போயிற்று.

மஞ்சள் பை

இவ்வளவையும் இதே வார்த்தைகளில் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு பையன்களுக்கும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். யானை மூடியும் நாகப் பிடியும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. முட்டைப் பந்தை வாங்கிவந்த கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெல்லிங்டன் கழகம் கலைந்த இடம் வந்ததும் சின்னவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அந்த மணி நல்லா ஆடுவாரா சார்?"

பெரிய பெரிய வீடுகளில் பிறந்து, ஆங்கிலக் கல்வி கற்று, கழகம் கூட்டி, தீர்மானம் வாசித்த வெல்லிங்டன் கனவான்கள் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அவர்கள் அவர் யார் மகன் என்று கேட்டார்கள்.

எழுநூற்றுச் சொச்சம் ரூபாயைப் பற்றி நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏரிப் பக்கம் நடந்து போனபோது, எட்டும் ஒன்பதும் வயதான பொடியன்கள் ஒரு கூட்டம், வால்வுக்குப் பக்கத்தில் விலைச்சீட்டுக்கூட உரியாத புதுப் பந்து ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது என் காலடிக்கு உருண்டு வந்தது. குனிந்து எடுக்கப் போனேன்.

"ஒதைங்க சார்!" என்று கத்தினார்கள்.